விட்டுவைத்த ஒரு கூடை மண்

அந்தக் காலத்தில் பறவைக்கும் விலங்குக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சுதான் இருந்தது. காகம் கூரையில் வந்து உட்கார்ந்து, மத்தியானம் உங்கள் வீட்டுக்கு ஆள் வருகிறது, உலையில் கூட ஒரு கை அரிசி போடுங்கள் என்று வாயாலேயே சொல்லிவிட்டுப் போகும். ஆடு தனக்கு எந்தத் தழை பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லும். அதற்காக யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அப்போது வானம் பார்த்த பூமியில் ஏழுபுஞ்சை என்று ஓர் ஊர் இருந்தது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அங்கே மழை கொட்டித் தீர்க்கும். கொட்டிய தண்ணீர் ஊரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சரிவில் இறங்கி ஓடிவிடும். தை முடிவதற்குள் மண் வெடித்துவிடும். பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த ஊர்க் கிணற்றடியில் போய் நிற்பார்கள். அந்த ஊர்க்காரர்கள் தண்ணீர் கொடுப்பார்கள், கூடவே நாலு வார்த்தையும் கொடுப்பார்கள். ஏழுபுஞ்சைக்காரர்களுக்குத் தாகம் தீர்ந்தாலும் அந்த நாலு வார்த்தை தொண்டையை விட்டு இறங்காது.

அந்த ஊரில் இருளாயி என்று ஒருத்தி இருந்தாள். ஒரு வேலையைத் தொட்டால் முடிக்காமல் நிமிர மாட்டாள். வாசலைப் பெருக்கினால் மண்ணுக்கே கூச்சம் வருகிற வரைக்கும் பெருக்குவாள். பானையைத் தேய்த்தால் பானை இளைத்துப்போகும். சண்டை போட்டால் கடைசி வார்த்தை அவளுடையதாக இருக்க வேண்டும். எதிராளி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால், அந்தக் கதவிடமாவது சொல்லிவிட்டுத்தான் வருவாள்.

அவள் புருசன் சடையன் அப்படியே தலைகீழ். கயிறு திரிக்க உட்கார்ந்தால் பாதியில் எழுந்து போய்விடுவான். வேலி அடைத்தால் சரியாக ஓர் ஆடு நுழைகிற அளவுக்கு இடம் விட்டிருப்பான். கல்யாணத்தன்றுகூட அவன் ஒரு முடிச்சுதான் போட்டான், மிச்சத்தை அவன் அக்காள்தான் போட்டாள் என்று இளவட்டங்கள் கேலி பண்ணுவார்கள். எல்லாக் கல்யாணத்திலும் அப்படித்தானடா என்று சடையன் பதில் சொல்வான். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவன் பக்கம் நியாயம் இருந்தது.

ஊர்த் தலைவரை அந்தப் பக்கத்தில் அம்பலம் என்பார்கள். அம்பலம் சோணையா ஒருநாள் ஊரைக் கூட்டினார். சரிவை மறித்துக் கரை போட்டுக் கண்மாய் ஒன்று உண்டாக்கிவிட்டால் இன்னொருத்தன் கிணற்றடியில் போய் நிற்க வேண்டியதில்லை என்றார். வேலையை யார் முன்னின்று முடிக்கிறார்களோ அவர்கள் தலையில் ஊர் சார்பாகச் சிவப்புத் துணியில் பாகை கட்டுவது, மடை திறந்தால் முதல் தண்ணீரை அவர்கள் வயலுக்கு விடுவது என்று பேசி முடித்தார்கள். மறுநாள் காலையிலேயே ஊரே கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது.

வந்தவர்கள் நிலைக்கவில்லை. காரணம் இருளாயிதான். ஒருவர் ஒரு கூடை மண்ணைக் கொட்டிவிட்டுத் திரும்புவார். இருளாயி அந்த மண்ணை அள்ளி, கட்டியை உடைத்து, வேரைப் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, மறுபடி போட்டு, திமிசுக்கட்டையால் இடித்து மட்டம் பார்ப்பாள். வாயால் ஒன்றும் சொல்ல மாட்டாள். ஆனால் தான் போட்ட மண்ணைத் தன் கண் முன்னாலேயே ஒருத்தி திரும்ப அள்ளினால் யாருக்குத்தான் மனசு கேட்கும்? இன்றைக்கு இவர் வரவில்லை, நாளைக்கு அவர் வரவில்லை என்று ஆட்கள் குறைந்துகொண்டே போனார்கள். கடைசியில் கரையில் இருளாயியும், அவள் அதட்டலுக்குப் பயந்து சடையனும், மண்ணை இழுக்க இரண்டு எருமைகளும்தான் மிச்சம். எருமைகள்கூட, நாங்கள் இழுக்கிறது கோணலா இருக்கா ஆத்தா என்று பயந்து பயந்து கேட்கும்.

இரண்டு கோடை இப்படிப் போனது. ஆனாலும் முடித்துவிட்டாள். கரை ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் நூல் பிடித்தது மாதிரி நின்றது. மடைக்கல் பொருந்தி உட்கார்ந்தது. மிஞ்சிய தண்ணீர் வழிந்து போக ஓரத்தில் கலுங்கு கட்டியிருந்தாள். கரை உச்சியில் ஏறி நின்று, முடிஞ்சது, இனிமே யாரும் ஒரு கை மண் போட வேண்டியதில்லை என்று ஊருக்குக் கேட்கச் சொன்னாள். அம்பலம் சிவப்புத் துணியைக் கொண்டுவந்து அவள் தலையில் கட்டினார். இருளாயிக்கு அன்றைக்கு இருந்த பெருமை அந்தக் கண்மாய் கொள்ளாது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஊரார் வீட்டுக்குப் போனார்கள், கண்மாயை மறந்தார்கள். அதுதான் முடிந்துவிட்டதே. ஆடுகள் கரையில் ஏறி இறங்கித் தடம் போட்டன. ஒருவர் தன் வீட்டுச் சுவர் பூசக் கரையடியில் இரண்டு கூடை மண் எடுத்தார். எடுத்ததைப் பார்த்த இன்னொருவர் அது இருளாயி கரை, அவள் பார்த்துக்கொள்வாள் என்று பேசாமல் போனார். நண்டுகள் வளை தோண்டின. இருளாயியும் பார்க்கவில்லை. முடித்த வேலையைத் திரும்பிப் பார்ப்பது அவள் வழக்கத்திலேயே இல்லை. அவள் வேறு வேலையைத் தொட்டிருந்தாள்.

அந்தக் கார்த்திகையில் கண்மாய் முதல்முறையாக நிரம்பியது. பயிர் பால்பிடிக்கிற சமயம் கரை உடைந்தது. பட்டப்பகலில், ஊரார் எல்லோரும் வீட்டில் இருக்கையில் உடைந்தது. கரைமேல் ஒருவரும் இல்லை. தண்ணீர் வயலில் புகுந்து பயிரை வேரோடு பிடுங்கிக்கொண்டு, எப்போதும் போகிற வழியில் போய்விட்டது.

சோணையா மறுபடி ஊரைக் கூட்டினார். யார்மேலும் குற்றம் சொல்லவில்லை. இன்னும் ஒரே ஒரு மழை பார்க்கலாம், அதற்கும் கரை நிற்கவில்லை என்றால் இந்த ஊரைக் காலி பண்ணிக்கொண்டு ஆற்றோர ஊர்களுக்குக் கூலிக்குப் போவது என்று சொன்னார். அடுத்த ஊர்க் கிணற்றடியில் நின்றவர்களுக்கு, இனி காலமெல்லாம் அடுத்தவன் வயலில் நிற்பது எப்படி இருக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருளாயி எழுந்து, கரையை நான் நிற்க வைக்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

மாசியில் மறுபடி கூடையைத் தூக்கினாள். முன்னைவிடச் சுத்தமாக வேலை நடந்தது. ஊராரும் வந்தார்கள், வந்தபடியே திரும்பிப் போனார்கள். அவள் கை பழைய கைதானே, மண்ணைத் திரும்ப அள்ளத்தான் செய்தது.

வறண்டு கிடந்த கண்மாய்க்குள் ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தது. கால் மட்டும் நீளமாக, கண்ணோரம் சிவந்து, எப்போதும் நாலா பக்கமும் பார்த்துக்கொண்டே நிற்கும். அது அப்போதெல்லாம் கத்தாது, மெதுவாகத்தான் பேசும். இருளாயியை அக்கா என்று கூப்பிடும். வேலைக்கு நடுவில் கஞ்சி குடிக்க உட்காரும்போது இருளாயிக்கு அதுதான் பேச்சுத்துணை.

சித்திரையில் குருவி நாலு முட்டை இட்டது. இட்ட இடத்தைப் பார்த்து இருளாயிக்குச் சோறு இறங்கவில்லை. கூடு என்று ஒன்றும் இல்லை. வெறும் தரையில் காலால் கீறின ஒரு பள்ளம், சுற்றிலும் பொறுக்கிப் போட்ட கொஞ்சம் சரளைக்கல், அவ்வளவுதான். ஒரு பக்கம் கல் இருந்தது, ஒரு பக்கம் இல்லை. குருவி எழுந்து எழுந்து ஒரு கல்லை எடுத்து இந்தப் பக்கம் வைக்கும், மறுபடி அந்தப் பக்கம் நகர்த்தும். இதை எப்போதுதான் முடிப்பாய் என்று இருளாயி கேட்டாள். முடிக்கிற மாதிரி உத்தேசம் இல்லை அக்கா என்று குருவி சிரித்தது.

இருளாயிக்குப் பொறுக்கவில்லை. குருவியின் மேல் அவளுக்கு உண்மையாகவே பிரியம் இருந்தது, அதுதான் வினையாகப் போயிற்று. அன்று சாயங்காலம் கரை வேலையை விட்டுவிட்டுக் குருவிக்குக் கூடு கட்டினாள். களிமண்ணைக் குழைத்துச் சுற்றுச்சுவர் எழுப்பினாள். உள்ளே கோரைப்புல்லைப் பரப்பி, அதன்மேல் எருக்கம்பஞ்சு வைத்தாள். குத்துகிற கல்லையெல்லாம் பொறுக்கி எறிந்தாள். முட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, இப்போது உட்கார்ந்து பார் என்றாள். குருவி தயங்கித் தயங்கி ஏறி உட்கார்ந்தது. அதற்கும் சுகமாகத்தான் இருந்தது. சுவர் உயரமாக இருந்ததால் வெயில் அடிக்கவில்லை, காற்று அடிக்கவில்லை, வெளியில் இருக்கிறது ஒன்றும் கண்ணில் படவும் இல்லை.

மறுநாள் மத்தியானம் இருளாயி கஞ்சிக் கலயத்தோடு வந்தபோது கூட்டுக்குள் முட்டை இல்லை. கீரி வந்து போன தடம் சுவரோரம் இருந்தது. குருவி கூட்டுக்கு வெளியே வெறும் தரையில் நின்றுகொண்டிருந்தது. குருவி அழுது முடித்திருந்தது.

"தூங்கிட்டேன்க்கா" என்றது. "என் ஆயுசுல நான் பகல்ல தூங்கினதில்ல. கல்லு குத்திக்கிட்டே இருக்கும், ஒரு கல்லு எடத்துல இல்லையேன்னு மனசு உறுத்திக்கிட்டே இருக்கும். அதுலேயே முழிச்சிருப்பேன். நீ முடிச்சுக் குடுத்துட்டே. செய்ய ஒண்ணும் மிச்சமில்ல. கண்ணு தானா மூடிருச்சு."

இருளாயி கலயத்தைக் கீழே வைத்தாள். என்னை மன்னித்துக்கொள் புள்ள என்று கேட்டாள். நீ ஆசையாகத்தானே செய்தாய் என்று குருவி சொன்னது. அது இன்னும் வலித்தது. அவள் அந்தக் கூட்டைக் காலால் உடைக்கப் போனாள், உடைக்கவில்லை, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். எதிரே உடைந்த இடத்தில் பாதி எழும்பிய கரை தெரிந்தது. முதல் கரை முடிந்த அன்று தான் உச்சியில் ஏறி நின்று சொன்னது அவளுக்குக் காதில் கேட்டது. இனிமே யாரும் ஒரு கை மண் போட வேண்டியதில்லை. ஊரையே பஞ்சில் படுக்க வைத்துத் தூங்கப் பண்ணியது தான்தான் என்று அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது.

ஆனி முடியும்போது கரை முடிகிற நிலைக்கு வந்தது. ஊர் பார்க்க வந்தது. சோணையா சிவப்புத் துணியை மடித்துக் கையில் வைத்திருந்தார். கரை உச்சியில் நட்டநடுவில், ஒரே ஒரு கூடை மண் கொள்ளுகிற அளவுக்குப் பள்ளம் இருந்தது. இருளாயியின் காலடியில் கூடை நிறைய மண்ணும் இருந்தது. கொட்டினால் தீர்ந்தது. ஊரே அவள் கையைப் பார்த்தது. அவள் கூடையைத் தூக்கினாள், பள்ளத்துக்குக் கொண்டுபோனாள், பிறகு அப்படியே திரும்பிக் கரையடியில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தாள்.

"என்னத்தா, முடிஞ்சதா?" என்று சோணையா கேட்டார்.

"இன்னும் இருக்கு மாமா."

"ஒரு கூடைதானே? போட்டுட்டு வா. துணியக் கட்டிவிடுறேன்."

"அந்தக் கூடைய நான் போட மாட்டேன்" என்றாள் இருளாயி. "அது உச்சி. அங்க தண்ணி ஏறாது. ஆனா ஊர்க்கண்ணு ஏறும்."

யாருக்கும் புரியவில்லை. முடிக்காதவர்களுக்கு மரியாதை கிடையாது, முதல் தண்ணீரும் கிடையாது, அது ஊர் பேசின பேச்சு என்று சோணையா வருத்தத்தோடு சொன்னார். தெரியும் மாமா, வேண்டாம் என்றாள். இருளாயிக்கே ஒரு கூடை குறைந்து போயிற்று என்று கூட்டத்தில் யாரோ சொல்லிச் சிரித்தார்கள். அவளிடம் பதிலுக்கு நல்ல வார்த்தை ஒன்று இருந்தது. அதையும் சொல்லாமல் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டில் அன்றைக்கு ஒரு பானையைத் தேய்க்காமல் வைத்தாள். சடையன் அதைப் பார்த்துப் பயந்துபோய், உடம்புக்கு என்ன பண்ணுகிறது என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். விஷயம் தெரிந்ததும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒருவழியாக நம் கட்சிக்கு வந்துவிட்டாய், நான் இத்தனை வருசமாக இதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்தினான்.

"இந்தாருங்க, ரெண்டும் ஒண்ணில்ல" என்றாள் இருளாயி. "நீங்க விட்டுட்டுப் போறீங்க. நான் விட்டு வைக்கிறேன். விட்டுட்டுப் போனது உங்களைக் கூப்பிடுதா? அது செத்துக் கிடக்கு. விட்டு வச்சது கூப்பிடும், பாருங்க."

அது உண்மையாகத்தான் இருந்தது. படுத்தவளுக்குத் தூக்கம் சரியாக வரவில்லை, அந்தப் பானை உள்ளுக்குள் உருண்டுகொண்டே இருந்தது. ஆனால் விடிந்ததும் கை தானாக அந்தப் பானைக்குப் போனது. எங்கே தொடங்குவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பானையில் தொடங்கிய கை அடுப்புக்கும், அடுப்பிலிருந்து மாட்டுத் தொழுவத்துக்கும் போய், பொழுது ஏறுவதற்குள் பாதி வேலை நடந்திருந்தது. சடையனும் என்ன நினைத்தானோ, பாதியில் கிடந்த கயிறு ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

கரையிலும் அதுவேதான் நடந்தது. ஊருக்குள் எங்கிருந்து பார்த்தாலும் கரையின் உச்சியில் அந்தப் பள்ளம் தெரிந்தது, முன்பல் விழுந்த வாய் மாதிரி. பார்க்கப் பார்க்க எல்லோருக்கும் உறுத்தியது. விறகுக்குப் போனவர் ஒருவர், தொலையட்டும் என்று ஒரு கூடை மண்ணைக் கொண்டுவந்து அதில் கொட்டினார். கட்டி கட்டியாக, வேரோடு கொட்டினார். இருளாயி பக்கத்தில்தான் நின்றாள். அவள் கை துடித்தது. கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, நல்லாப் போட்டீங்க அண்ணே என்றாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவள் பட்ட பாடு இரண்டு கோடை மண் சுமந்ததைவிடப் பெரிது.

பள்ளம் நிரம்பியதும் இருளாயி ஊரறிய மேலாக ஒரு கூடை மண்ணை அள்ளி, கரை எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே கொண்டுபோய்ப் போட்டாள். உச்சியில் மறுபடி பள்ளம் விழுந்தது. அடுத்த நாள் வேறொருவர் வந்து பார்த்து, நேற்று நிரப்பினானே, அவனுக்கு நான் இளைத்தவனா என்று தன் பங்குக்கு ஒரு கூடை போட்டார். இப்படியே ஆடி போனது, ஆவணி போனது. ஆடு மேய்க்கிறவர்கள் போட்டார்கள், புல்லுக்கு வந்த பெண்கள் போட்டார்கள். உச்சியில் இருந்த குறை குறையாகவே இருந்தது, கரை மட்டும் தடித்துக்கொண்டே போனது. மண் போட வந்தவர்கள் சும்மா திரும்பவில்லை. வரும் வழியில் நண்டு வளை கண்ணில் பட்டால் காலால் மிதித்து அடைத்தார்கள். ஆடு கரையேறினால் விரட்டினார்கள். முன்பு கரையடியில் மண் எடுத்தவரே, இன்னொருவர் எடுக்க வந்தபோது மண்வெட்டியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். அது நான் மண் போட்ட கரை என்றார்.

ஆள்காட்டிக் குருவி பழையபடி வெறும் தரைக்கே வந்தது. இந்தமுறை கரை உச்சியில், பள்ளத்துக்குப் பக்கத்திலேயே காலால் ஒரு கீறல் கீறி, நாலைந்து சரளைக்கல்லைப் போட்டு முட்டை இட்டது. ஒரு பக்கம் கல் வைக்காமலே விட்டுவைத்தது. குஞ்சுகள் பொரிந்து கல்லோடு கல்லாக ஓடித் திரிந்தன. கரைக்கு யார் வந்தாலும் முடிஞ்சதா என்று முதலில் கேட்பார்கள். இருளாயி இருந்தால் இன்னும் இருக்கு என்பாள். அவள் இல்லாதபோது குருவி சொல்லும். நாளாக ஆக, ஆள் தலை தெரிந்தாலே கேட்காமலே சொல்ல ஆரம்பித்துவிட்டது.

கார்த்திகை வந்தது. அந்த மாதிரி மழையை அதற்கு முன்னால் ஊர் பார்த்ததில்லை. கண்மாய் நிறைந்து கலுங்கில் தண்ணீர் மறுகால் பாய்ந்தது. மழை கொஞ்சம் விட்ட ஒரு காலையில், பள்ளத்தோரம் நின்ற குருவி கரையின் வெளிப்புறச் சரிவைப் பார்த்தது. எல்லார் கண்ணுக்கும் தப்பிய ஒரு நண்டு வளை வழியாகக் கலங்கல் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கசிவு விரல் கனத்திலிருந்து கை கனமானது. குருவி வானத்தில் ஏறியது. அதன் வாயில் பழகிக் கிடந்தது ஒரே பேச்சுதான். தன்னுடைய மெதுவான குரலை விட்டுவிட்டு, ஊருக்கு மேலே வட்டம் போட்டு, "இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு" என்று தொண்டை கிழியக் கத்தியது.

முந்தின வருசமாக இருந்தால் யாரும் வந்திருக்க மாட்டார்கள். அன்றைக்கு, சொல்லி வைத்தது மாதிரி ஒவ்வொரு வாசலிலும் கூடை தயாராக இருந்தது. ஊர் ஓடியது. இருளாயி போய்ச் சேர்வதற்குள் கசிவைச் சுற்றி இருபது பேர் நின்றார்கள். சடையன் தான் திரித்த கயிற்றைக் கொண்டுவந்தான், அவன் ஆயுளில் முடித்த முதல் கயிறு அது. அதை இடுப்பில் கட்டிக்கொண்டு நாலு பேர் உள்பக்கம் தண்ணீரில் இறங்கி வளை வாயில் வைக்கோற்பிரியைத் திணித்தார்கள். வெளிப்பக்கம் மண் விழுந்தபடியே இருந்தது. யாரும் யார் மண்ணையும் திரும்ப அள்ளவில்லை. ஆணும் பெண்ணும் கை மாற்றிக் கை மாற்றிக் கொட்டினார்கள். இருளாயியும் வரிசையில் ஒருத்தியாக நின்று, வந்த கூடையை வாங்கி அடுத்த கைக்குக் கொடுத்தாள்.

பொழுது உச்சிக்கு வரும்போது கசிவு நின்றது. கரை நின்றது. கண்மாய் நிறையத் தண்ணீர் நின்றது. ஏழுபுஞ்சைக்காரர்கள் சேறும் சகதியுமாகக் கரைமேல் ஏறி, தங்கள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பல பேருக்குக் கண் கலங்கியது. இனி யார் கிணற்றடியிலும் நிற்க வேண்டாம், யார் வயலுக்கும் கூலிக்குப் போக வேண்டாம்.

கொஞ்ச நேரத்தில் சண்டை தொடங்கியது. கசிவை அடைத்தது தான் போட்ட மண்தான் என்றார் விறகு வெட்டுகிறவர். ஆவணியில் தான் போட்ட இடம் கல்லாக நின்றதால்தான் அந்தப் பக்கம் தப்பித்தது என்றாள் ஒருத்தி. என் கரை, எங்கள் கரை, நான் போட்டது, என் மகன் போட்டது என்று ஆளுக்கொரு பேச்சு. இருளாயி கட்டிய கரை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அவள் ஓரமாக நின்று அதையெல்லாம் கேட்டாள். முதல் கரை முடிந்து பாகை கட்டிய அன்றைக்கு வந்த பெருமை இதற்குக் கால் தூசி பெறாது என்று அவளுக்குத் தோன்றியது. நெஞ்சு அப்படி நிறைந்திருந்தது. வழக்கமாகக் கடைசி வார்த்தை பேசுகிறவள், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

சோணையா வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சிவப்புத் துணியை எடுத்துவரச் சொன்னார். துணி வந்தது. யார் தலையில் கட்டுவது என்றுதான் தெரியவில்லை. கூட்டத்தைப் பார்த்தார், எல்லாத் தலையிலும் சேறு. இருளாயியைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"இப்பவாவது சொல்லுத்தா. முடிஞ்சதா?"

இருளாயி உச்சியில் இருந்த பள்ளத்தைப் பார்த்தாள். அவள் வாயைத் திறக்குமுன், மேலே பறந்துகொண்டிருந்த குருவி பதிலைச் சொல்லிவிட்டது. ஊரே சிரித்தது. சோணையாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அந்தச் சிவப்புத் துணியை உதறி, முறுக்கி, வட்டமாகச் சுற்றி, தன் தலையில் சும்மாடாக வைத்துக்கொண்டார். கீழே கிடந்த கூடையை எடுத்து மண் அள்ளி, அதன்மேல் தூக்கி வைத்துக்கொண்டு, கரை ஏறிப் போய்ப் பள்ளத்தில் கொட்டினார். ஊர்த் தலைவர் தலையில் மண் சுமந்தது அதுதான் முதல் தடவை. இருளாயி அவருக்குப் பின்னால் போய், மேலாக ஒரு கூடை மண்ணை அள்ளிக்கொண்டாள்.

பிறகு காலம் மாறியது. பறவைக்கும் மனிதருக்கும் இருந்த ஒரே பேச்சு இரண்டாகப் பிரிந்தது. பிரிந்த நாளில் ஒவ்வொன்றின் வாயிலும் என்ன இருந்ததோ அதுதான் அதற்கு மிஞ்சியது. ஆள்காட்டியின் வாயில் இருந்தது அந்த ஒரு பேச்சு.

அது இன்றைக்கும் கூட்டை முடிக்காமல் வெறும் தரையில் கல்லைப் போட்டு முட்டை இடுகிறது, ஆள் தலை தெரிந்தால் எழுந்து பறந்து இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு என்று கத்துகிறது. ஏழுபுஞ்சையில் மழைக்கு முன்னால் தலைவர் சிவப்புச் சும்மாட்டில் முதல் கூடையைச் சுமக்க, வீட்டுக்கு ஒரு கூடை மண் கரையேறுவதும் சோணையா மண் சுமந்த அன்று முதல்தான். கரை முடிந்துவிட்டதா என்று அங்கே போய் யாரையும் கேட்டுப் பாருங்கள். தலையை நிமிர்த்திக்கொண்டு, இன்னும் ஒரு கூடை பாக்கி, அது எங்கள் வீட்டுக் கூடை என்பார்கள்.